விஸ்கிக்கு வரி, ஆற்றுக்குப் பூட்டு: 1794இல் பிட்ஸ்பர்க் பக்கம் நடந்தது வெறும் வரிச் சண்டையா?

#1 திண்ணைவாசி

பிட்ஸ்பர்க்கின் தெற்குப் பக்கம் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. வேலைக்குப் போகிற வழியில் பௌவர் ஹில் சாலை என்று ஒன்று வரும். அந்தப் பெயரைப் பற்றி யோசித்ததே இல்லை. போன மாதம் மகளுடைய பள்ளிப் பாடத்துக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது: 1794 ஜூலை 17 அன்று அந்தக் குன்றின் மேலிருந்த ஒரு மாளிகையை ஐந்நூறு பேர் போலச் சூழ்ந்துகொண்டு, துப்பாக்கிச் சண்டை போட்டு, கடைசியில் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் ஜான் நெவில். சுதந்திரப் போரில் சண்டையிட்ட ஜெனரல், பெரிய நிலக்காரர், அந்த வட்டாரத்துக் கலால் மேற்பார்வையாளர். தாக்க வந்த கூட்டத்தின் தலைவர் ஜேம்ஸ் மெக்ஃபார்லேன். அவரும் அதே போரில் சண்டையிட்டவர்தான். அன்று அங்கேயே குண்டடிபட்டுச் செத்தார். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, பிராடக் மைதானத்தில் ஏழாயிரம் பேர் கூடினார்கள். பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பிராடக் அங்கிருந்து பக்கம்தான். பிட்ஸ்பர்க்கையே கொளுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டு அந்தக் கூட்டம் ஊருக்குள் நடந்து போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் எதிரே போய் வரவேற்று, சாப்பாடும் விஸ்கியும் கொடுத்து ஒருவழியாக அனுப்பிவைத்தார்களாம்.

பாடப்புத்தகம் 'விஸ்கிக் கலகம்' என்று பெயர் வைத்து ஒரே பத்தியில் முடிக்கிறது. வரி போட்டார்கள், விவசாயிகள் எதிர்த்தார்கள், வாஷிங்டன் படையோடு கிளம்பினார், அடங்கினார்கள். எனக்கு இது உறுத்துகிறது. கேலனுக்குச் சில சென்ட் வரிக்காகவா ஒரே போரில் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சுடுவார்கள்? அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்தே வருடம்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

சென்ட் கணக்கை லேசாக நினைக்காதீர்கள் சார். குதிரையிலிருந்து ஆரம்பிப்போம்.

அலெகனி மலைகளுக்கு மேற்கே விளைந்த ரை தானியத்தைக் கிழக்கே சந்தைக்குக் கொண்டுபோக நல்ல வண்டிப்பாதை கிடையாது. பொதிக்குதிரைதான். ஒரு குதிரை தானியமாகச் சுமந்தால் நாலு புஷல் (அங்கத்திய தானிய அளவை). அதையே காய்ச்சிப் பீப்பாயில் ஏற்றினால் இருபத்துநாலு புஷல் தானியத்தின் விலை ஒரே குதிரை முதுகில் மலை தாண்டும். ஆகவே அங்கே வடிப்பது குடிப்பதற்காக மட்டும் இல்லை. ரொக்கப் புழக்கமே அரிதான ஊர் அது. கூலிக்கும் விஸ்கி, கடை பாக்கிக்கும் விஸ்கி. அதன்மேல் போட்ட வரியைப் பணத்தின்மேலேயே போட்ட வரி என்றுதான் சொல்ல வேண்டும்.

வரி எதற்கு? போருக்காக மாநிலங்கள் வாங்கியிருந்த கடனை 1790இல் மத்திய அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. வட்டி கட்ட இறக்குமதித் தீர்வை மட்டும் போதவில்லை. 1791 மார்ச்சில் நிதிச் செயலாளர் ஹாமில்டனின் யோசனைப்படி கலால் வந்தது. வட்டி யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கடன் பத்திரங்களைப் பல சிப்பாய்கள் கஷ்டத்தில் அடிமாட்டு விலைக்கு எப்போதோ விற்றுவிட்டார்கள். வாங்கி வைத்திருந்தது பெரும்பாலும் கிழக்குக் கரை வியாபாரிகள். பத்திரத்தை விற்ற அதே சிப்பாய், பத்திரத்தை வாங்கியவனுக்கு வட்டி போய்ச்சேர விஸ்கி வரி கட்ட வேண்டும்.

இன்னொன்று, வரி விலையைப் பார்த்துப் போட்டதல்ல, அளவைப் பார்த்துப் போட்டது. மேற்கில் விஸ்கி விலை கிழக்கைவிடக் குறைவு, அதனால் அதே வரி அங்கே கூடுதலாகக் கடித்தது. போதாததற்கு, ஆண்டுத் தொகையாகக் கட்டும் பெரிய வடிசாலைக்கு கேலனுக்கு ஆறு சென்ட் அளவில் முடிந்தது, சின்ன ஆளுக்கு ஒன்பது. நெவிலே பெரிய வடிசாலைக்காரர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆனாலும் ஹாமில்டனை வில்லனாக்க நான் தயாரில்லை. அரசியலமைப்புக்கு முந்தைய ஏற்பாட்டில் மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், அவை கொடுக்காது. அந்தப் பிச்சைப் பாத்திர நிலைமையிலிருந்து நாட்டை வெளியே எடுத்தவர் அவர்.

#3 வக்கீல் குமாஸ்தா

பணத்தைவிட எரிச்சல் மூட்டியது கோர்ட் என்பேன். வரி கட்டாதவன்மேல் வழக்கு ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்தில். ஏறக்குறைய 300 மைல், மலை தாண்டி. போய் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நிலத்தில் கதிர் உதிர்ந்துவிடும். அபராதத்தைவிட வாய்தாவே பெரிய தண்டனை.

இதில் ஒரு கூத்து உண்டு. 1794 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர் மாநில நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் அறுபதுக்கும் மேற்பட்ட சம்மன்கள் பழைய சட்டப்படி ஏற்கெனவே தயாராகிவிட்டன. ஜூலையில் மார்ஷல் டேவிட் லெனாக்ஸ் அந்தப் பழைய சம்மன்களைத்தான் எடுத்துக்கொண்டு, அறுவடை நேரத்தில், வழிகாட்டியாக நெவிலையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். 15ஆம் தேதி வில்லியம் மில்லர் வீட்டு வாசலில் தகராறு. மறுநாள் நெவில் வீட்டில் துப்பாக்கிச் சூடு, ஆலிவர் மில்லர் சாவு. அதற்கு மறுநாள் நீங்கள் சொன்ன தீவைப்பு.

இதற்கு முன்பே மூன்று வருடம் புகைந்துகொண்டுதான் இருந்தது. 1791 செப்டம்பரில் ராபர்ட் ஜான்சன் என்ற வசூல்காரரைப் பிடித்து, துணியை உருவி, தாரைப் பூசி, இறகு ஒட்டிக் காட்டில் விட்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். சூடான தார் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் சிரிப்பு வராது.

#4 ஓரக்கண்

வரி மட்டும் வேண்டாம். பூர்வகுடிகளை அடிக்க அரசாங்கத்துப் படை வேண்டும், நிலத்துக்குப் பட்டா வேண்டும், விளைந்ததை விற்க ஆறு வேண்டும். இதற்குப் பெயர் சுதந்திர தாகமா? நல்ல கதை.

#5 நதிமூலம்

ஓரக்கண், நக்கலாகச் சொன்னாலும் முடிச்சைச் சரியாகத் தொட்டுவிட்டீர்கள். அந்த ஆறுதான் விஷயம். விஸ்கியை எதற்குக் குதிரைமேல் ஏற்ற வேண்டும்? அவர்கள் வாசலிலேயே மோனங்ககேலா ஓடுகிறது. அது பிட்ஸ்பர்க்கில் அலெகனி ஆற்றோடு சேர்ந்து ஓஹையோ ஆகிறது, ஓஹையோ மிசிசிப்பியில் விழுகிறது, மிசிசிப்பி நியூ ஆர்லியன்ஸுக்குப் போகிறது. தட்டைப் படகில் மாவும் விஸ்கியும் ஏற்றிவிட்டால் நீரோட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயினுடையது. 1784இல் ஸ்பெயின் கீழ் மிசிசிப்பியை அமெரிக்கப் படகுகளுக்கு மூடிவிட்டது.

மூடியது அந்நியன், சரி. சொந்த அரசு என்ன செய்தது? 1786இல் ஸ்பெயினின் தூதர் கர்தோகியோடு அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ஜான் ஜே பேச்சுவார்த்தை நடத்தினார். ஸ்பெயினோடு வணிக ஒப்பந்தம் கிடைத்தால், பதிலுக்கு மிசிசிப்பியில் போகும் உரிமையை 25, 30 வருடம் வற்புறுத்தாமல் இருந்துவிடலாம் என்று காங்கிரஸிடம் கேட்டார். (நம்ம ஊர்க் கட்சி இல்லை, அவர்களுடைய சபை.) ஏழு வட மாநிலங்கள் சரி என்றன, ஐந்து தென் மாநிலங்கள் எதிர்த்தன. ஒப்பந்தத்தை ஏற்க ஒன்பது மாநிலம் வேண்டும் என்பதால் மட்டுமே அது விழுந்தது. கிழக்குத் துறைமுகத்துக்காரன் மீனும் மரமும் விற்பதற்கு நம் ஆற்றை அடகு வைக்கப் பார்த்தான் என்று மேற்கு முழுவதும் செய்தி பரவியது. அந்தக் காயம் ஆறுவதற்குள் கலால் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் 1794இன் கோபம் புரியும். சந்தைக்குப் போகிற வழியைத் திறந்துவிட மாட்டாய், சந்தைக்குப் போகாத சரக்குக்கு ரொக்கமாக வரி மட்டும் கேட்பாய்.

இதை முதலில் உணர்ந்தவர் வாஷிங்டனேதான். 1784இல் மேற்கே சுற்றிப் பார்த்துவிட்டு வர்ஜீனியா ஆளுநர் ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தில், மேற்குக் குடியேறிகள் ஒரு அச்சின் முனையில் நிற்கிறார்கள், ஒரு இறகு பட்டால் போதும், எந்தப் பக்கமும் திரும்பிவிடுவார்கள் என்று எழுதினார். மிகை இல்லை. வட கரோலினாவின் மேற்குப் பகுதிக்காரர்கள் 1784இல் 'ஃபிராங்க்லின்' என்று தனி மாநிலமே அறிவித்தார்கள். வரியாக மான் தோலையும் ஏற்றுக்கொண்ட மாநிலம் அது. அதன் ஆளுநர் ஜான் செவியர், நிலைமை முற்றியபோது, 1788இல் அதே கர்தோகிக்கு உதவி கேட்டுக் கடிதம் போட்டார். எட்டு வருடம் கழித்து டென்னசி மாநிலம் ஆனதும் அதன் முதல் ஆளுநர் யார் தெரியுமா? அவரேதான்.

#6 திண்ணைவாசி

நதிமூலம், இந்தக் கோணம் எனக்குப் புதிது. நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். ஸ்பெயினோடு சேருவோம் என்று சொன்னதெல்லாம் உண்மையிலேயே சேரவா, இல்லை கிழக்கை மிரட்டிக் காரியம் சாதிக்கவா? சின்ன வயதில் நாங்கள் "சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று அம்மாவை மிரட்டுவோமே, அந்த மாதிரி.

#7 நதிமூலம்

பெரும்பாலானவர்களுக்கு மிரட்டல்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒருவர் உண்மையிலேயே சித்தி வீட்டில் சோறும் காசும் வாங்கினார். ஜேம்ஸ் வில்கின்சன், கென்டக்கி. 1787இல் புகையிலையும் மற்ற சரக்கும் ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போனார். மற்றவர்களுக்கு மூடிய கதவு அவருக்குத் திறந்தது. ஏனென்றால் ஸ்பெயின் மன்னருக்கு ரகசியமாக விசுவாசப் பிரமாணம் செய்துகொடுத்திருந்தார். ஸ்பெயின் கோப்புகளில் அவர் ஏஜென்ட் 13. பிறகு அமெரிக்கப் படையில் சேர்ந்து, 1796 கடைசியில் தலைமைத் தளபதி வெய்ன் இறந்ததும் படைக்கே தலைமை ஏற்றார். அந்தக் காலத்திலும் ஸ்பெயின் பணம் வந்தது. இளம் குடியரசின் தலைமைத் தளபதி அண்டை நாட்டுக் கூலி வாங்குகிறார். கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

#8 ஈசான மூலை

எல்லாம் படித்தேன். வரி, கோர்ட், ஆறு, கடன். இத்தனை பதிவிலும் அந்த நிலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஓரக்கண் மட்டும் போகிற போக்கில் "பூர்வகுடிகளை அடிக்க" என்றார்.

ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே மயாமி, ஷாவனி, டெலவேர், வயன்டாட் என்று பல மக்கள் கூட்டாகச் சேர்ந்து, ஆறுதான் எல்லை, தாண்டி வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 1790இல் அமெரிக்க ஜெனரல் ஹார்மரின் படையை விரட்டினார்கள். 1791 நவம்பர் 4 அன்று வாபாஷ் ஆற்றங்கரையில் இன்னொரு ஜெனரல் செயின்ட் கிளேரின் படையை விடியற்காலையில் சூழ்ந்து நொறுக்கினார்கள். அமெரிக்கப் பக்கத்தில் 600க்கும் மேல் சாவு. எண்பத்தைந்து வருடம் கழித்துக் கஸ்டர் வாங்கிய அடியைத்தான் எல்லோருக்கும் தெரியும். அதில் செத்தவர்கள் இதில் பாதிகூட இல்லை. அந்தக் கூட்டணியை நடத்திய லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் என்ற பெயர்களை உங்கள் மகள் பாடத்தில் பார்த்தாளா, திண்ணைவாசி?

நீங்கள் எல்லோரும் பாவம் என்று பேசுகிற அந்த மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகளைப் பற்றி ஒன்று. 1782 மார்ச்சில் க்னாடன்ஹட்டன் என்ற கிராமத்தில் 96 டெலவேர் மக்களைக் கொன்றது பிட்ஸ்பர்க்குக்குத் தென்மேற்கே உள்ள வாஷிங்டன் கவுண்டிப் பக்கத்திலிருந்து போன ஊர்ப்படை. கொல்லப்பட்டவர்கள் ஆயுதம் ஏந்தாத கிறிஸ்தவர்கள். பெண்களும் குழந்தைகளும் பெரும்பகுதி. யாருக்கும் தண்டனை இல்லை. அதே கவுண்டிதான் பன்னிரண்டு வருடம் கழித்து விஸ்கி வரியைக் கொடுங்கோன்மை என்று சொன்னது.

#9 கணக்குப்பிள்ளை

ஈசான மூலை சொல்வது சுடுகிறது, ஆனால் நியாயம். நான் கணக்கில் விட்ட வரி அது. கலால் பணம் பழைய கடனுக்கு மட்டும் இல்லை. செயின்ட் கிளேர் தோல்விக்குப் பிறகு புதுப் படை கட்டி வெய்னிடம் கொடுத்தார்களே, அதற்கும் பணம் வேண்டியிருந்தது. மேற்குக்காரனுக்காகச் சண்டை போடும் படைக்கு மேற்குக்காரன் வரி தர மாட்டேன் என்கிறான் என்பதுதான் கிழக்கின் எரிச்சல். மேற்குக்காரன் கேட்டது, மூன்று வருடமாகப் படை என்ன கிழித்தது என்று.

தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 1 பிராடக் மைதானம். ஆகஸ்ட் 7 வாஷிங்டனின் பிரகடனம். ஆகஸ்ட் 20 ஃபாலன் டிம்பர்ஸில் வெய்னின் வெற்றி. மேற்கே கலகமும் வடமேற்கே போரும் ஒரே மாதத்தில்.

#10 ஈசான மூலை

அந்த ஃபாலன் டிம்பர்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சண்டை ஒரு மணி நேரம்தான். சாவும் பெரிய எண்ணிக்கை இல்லை. தோற்றுப் பின்வாங்கியவர்கள் பக்கத்திலிருந்த பிரிட்டிஷாரின் மயாமி கோட்டைக்கு ஓடினார்கள். துப்பாக்கியும் மருந்தும் தந்து வருடக்கணக்கில் தூண்டிவிட்ட அதே பிரிட்டிஷார் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. லண்டனில் ஜே வேறு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார், அமெரிக்காவோடு போர் வேண்டாம் என்ற கணக்கு. அந்தச் சாத்திய கதவுதான் கூட்டணியை உடைத்தது.

மறு வருடம் ஆகஸ்டில் கிரீன்வில் ஒப்பந்தம். இன்றைய ஓஹையோ மாநிலத்தின் பெரும்பகுதி போயிற்று. பதிலுக்கு 20,000 டாலர் பெறுமான சரக்கு, வருடத்துக்கு 9,500 டாலர். அது எல்லா மக்களுக்கும் சேர்த்துப் பிரித்துக்கொடுக்க வேண்டிய தொகை.

#11 சும்மா வந்தவன்

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி. கென்டக்கியிலும் விஸ்கி காய்ச்சினார்கள்தானே? அவர்கள் வரி கட்டினார்களா? அங்கே ஏன் படை போகவில்லை?

#12 நதிமூலம்

அருமையான கேள்வி. கென்டக்கியில் வரி ஏறத்தாழ வசூலே ஆகவில்லை. வழக்குப் போட்டால் ஜூரி தண்டிக்காது. வேலை பார்க்க ஆள் கிடைப்பதே பாடு. ஆனால் பெரிய கூட்டம் கூடவில்லை, ஜெனரல் வீடு எரியவில்லை. படை போனதற்குக் காரணம் வரி கட்டாதது மட்டும் இல்லை. பிட்ஸ்பர்க் பக்கம் அப்போதைய தலைநகர் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அணிவகுத்துப் போகிற தூரம். கென்டக்கிக்கு அனுப்பினால் படை போய்ச் சேருவதற்குள் அவர்கள் ஸ்பெயினிடம் போயிருப்பார்கள். 1793இலேயே ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் பிரெஞ்சுத் தூதர் ஜெனே சொல்லி, நியூ ஆர்லியன்ஸைத் தாக்க அங்கே ஆள் சேர்க்கப் பார்த்தார். அந்த நெருப்புக்குப் பக்கத்தில் கலால் படையை அனுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்?

கென்டக்கியை அடக்கியது ஸ்பெயினோடு பேசப் போன அமெரிக்கத் தூதர் தாமஸ் பிங்க்னி. 1795 அக்டோபர் 27, சான் லொரென்சோ ஒப்பந்தம். மிசிசிப்பி திறந்தது, நியூ ஆர்லியன்ஸில் சரக்கை இறக்கி வைக்க உரிமை கிடைத்தது. ஜே லண்டனில் பேசியதைப் பார்த்து, அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்துவிடுமோ என்று ஸ்பெயின் பயந்தது. அந்தப் பயத்தில் கிடைத்தது இது. என் கட்சி இதுதான்: மேற்கை அமெரிக்காவோடு ஒட்டவைத்தது வாஷிங்டனின் 13,000 பேர் படையைவிட அந்த ஒரு காகிதம்.

#13 வக்கீல் குமாஸ்தா

முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். படை ஒன்றும் செய்யாமல் போகவில்லை. அரசியலமைப்பு வந்த பிறகு, மத்திய அரசின் சட்டம் மலைக்கு அந்தப் பக்கமும் செல்லும் என்று முதல் தடவையாகக் காட்டியது அதுதான். ஆனால் படை போனபோது சண்டை போட ஆளே இல்லை என்பதும் உண்மை. வாஷிங்டன் பெட்ஃபர்ட் வரை வந்து திரும்பிவிட்டார், மேலே நடத்திப்போனவர் ஹென்றி லீ, கூடவே ஹாமில்டன். இருபது பேர் போலப் பிடித்து ஃபிலடெல்ஃபியாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். தேசத்துரோகம் என்று தீர்ப்பானது ஜான் மிட்செல், ஃபிலிப் விகல் என்ற இரண்டு பேர்மேல் மட்டும். தூக்கு உத்தரவு ஆனது. 1795இல் வாஷிங்டன் இருவரையும் மன்னித்தார். விகல் பெயரில் இன்று பிட்ஸ்பர்க்கில் ஒரு விஸ்கி விற்கிறது.

வாஷிங்டனுக்கு அந்த வாஷிங்டன் கவுண்டியில் சொந்த வழக்கே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. மில்லர்ஸ் ரன் என்ற ஓடைக்கரையில் அவருக்கு நிலம். 1784இல் போய்ப் பார்த்தால் குடியேறிகள் வீடு கட்டிப் பயிர் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். விலை பேசினார், படியவில்லை, வெளியேற்ற வழக்குப் போட்டு 1786இல் ஜெயித்தார். குடியேறிகளுக்காக வாதாடிய வக்கீல் ஹியூ ஹென்றி பிராக்கென்ரிட்ஜ். 1794இல் பிராடக் மைதானத்தில் கூட்டத்தோடு பேசிப் பேசிப் பிட்ஸ்பர்க்கைக் காப்பாற்றினாரே, அவரேதான்.

#14 ஓரக்கண்

பதவி முடிந்து வீடு திரும்பிய வாஷிங்டன் 1797இல் மவுன்ட் வெர்னனில் விஸ்கி வடிசாலை ஆரம்பித்தார். 1799இல் மட்டும் ஏறக்குறைய 11,000 கேலன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

#15 கணக்குப்பிள்ளை

ஒழுங்காக வரி கட்டினார் ஐயா. அதையும் சொல்லுங்கள். :)

#16 திண்ணைவாசி

ஞாயிற்றுக்கிழமை மகளோடு சவுத் பார்க்கில் இருக்கும் ஆலிவர் மில்லர் குடும்பத்து வீட்டைப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து அந்தக் கவுண்டியின் வாஷிங்டன் ஊருக்குப் போய் டேவிட் பிராட்ஃபர்டின் வீடு. கலகக்காரர்களில் வசதியானவர், வக்கீல், தபால் பையைக் கொள்ளையடிக்க வைத்து, பிராடக் மைதானக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர். கல் வீடு, அந்தக் காலத்துக்கு மாளிகைதான். ஏழை விவசாயிகளின் கலகம் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு அந்த மாடிப்படி ஒரு பாடம்.

ஈசான மூலை கேட்ட கேள்வியை மகளிடம் கேட்டேன். லிட்டில் டர்ட்டில் பெயர் பாடத்தில் இல்லை. கிரீன்வில் என்று ஒரு வரி இருக்கிறது, தேதியோடு.

நதிமூலத்துக்கு ஒன்று. படை வருகிறது என்று தெரிந்ததும் பிராட்ஃபர்ட் என்ன செய்தார் என்று அங்கே கேட்டோம். படகேறி ஓஹையோ வழியாக மிசிசிப்பிக்குப் போய், கீழே ஸ்பெயின்காரர்கள் பகுதியில் பேயூ சாராவில் இறங்கி நிலம் வாங்கிக்கொண்டாராம். 1799இல் அதிபர் ஆடம்ஸ் மன்னிப்புக் கொடுத்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். பிங்க்னி கையெழுத்துப் போடுவதற்கு ஒரு வருடம் முன்பு, விஸ்கிப் பீப்பாய்க்கு மூடியிருந்த அந்த ஆற்றில்.